கோப்புப் பெயரில் என்னென்ன எழுதலாம்?

ஒரே ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் இருக்க முடியாது. கணினியைத் தொட்ட முதல் வாரத்திலேயே எல்லோரும் தெரிந்துகொள்கிற விதி இது. ஆனால் ‘கோயில் கணக்கு’ என்ற பெயரில் அச்சு அசலாக இரண்டு ஃபைல்கள் ஒரே ஃபோல்டரில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பது விண்டோஸிலும் லினக்ஸிலும் நடக்கக்கூடியதுதான். இரண்டையும் எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பெயரைத் தட்டித் தேடினால் ஒன்று வரும், மற்றது வராமல் போகலாம்.

கணினி இங்கே எந்த விதியையும் மீறவில்லை. அதன் கணக்கில் அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள். நமக்குத் தெரிவது எழுத்து, அதற்குத் தெரிவது எண். ஒரு பெயர் எண்களின் வரிசையாகத்தான் வட்டில் பதிகிறது. அந்த எண்களை விண்டோஸ் ஒரு விதமாக, ஃபைல்களைச் சுருக்கிக் கட்டும் ஜிப் மென்பொருள் ஒரு விதமாக, இணைய சர்வர் இன்னொரு விதமாக வாசிக்கின்றன. ஃபைல் உங்கள் கணினியிலேயே கிடக்கும் வரை எந்தத் தொல்லையும் இல்லை. பென்டிரைவ், மின்னஞ்சல், இணையதளம் என்று அது வெளியே கிளம்பும்போதுதான் பெயர் அடிபடுகிறது. அதனால் முதலில் அந்த எண்களைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

224 என்ற எண்ணின் கதை

1960களில் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி பட்டியலில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தற்குறிகள், பழைய தொலையச்சுக் கருவிகளுக்கான சில கட்டளைகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. கணினி எண்களைப் போட்டுவைக்கும் சிறு பெட்டியான ஒரு பைட்டுக்குள் 256 எண்கள் அடங்கும் என்பதால் பாக்கி 128 இடம் காலியாகக் கிடந்தது. அதை ஒவ்வொரு மொழிக்காரரும் தங்கள் எழுத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். விளைவு, ஒரே எண்ணுக்கு ஊருக்கு ஓர் அர்த்தம். விண்டோஸின் ரஷ்யப் பட்டியலில் 224 என்றால் ரஷ்ய ‘அ’. தாய்லாந்துப் பட்டியலில் அது ஒரு கொம்பு போன்ற உயிர்க்குறி. மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் தலையில் கீறல் போட்ட ஆங்கில ‘ஏ’. இந்த 224-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நமக்கு அது மிகவும் வேண்டப்பட்ட எண்.

1991-இல் முதல் பதிப்பு வந்த யூனிகோட் இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டப் பார்த்தது. உலகின் எல்லா எழுத்துக்கும் சேர்த்து ஒரே பட்டியல், ஓர் எழுத்துக்கு ஒரே எண். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கினார்கள். க என்றால் 2965. த என்றால் 2980. கி என்ற உயிர்மெய்க்குத் தனி எண் கிடையாது. க, அதன் பின்னால் ி என்ற குறி (3007), ஆக இரண்டு எண்கள். க் என்பதும் அப்படித்தான், க-வும் புள்ளியும் (3021) சேர்ந்தது. தமிழ் என்று எழுதினால் நாம் எண்ணுவது மூன்று எழுத்து, கணினி எண்ணுவது ஐந்து.

சரி, 2980 என்ற எண் ஒரு பைட்டுக்குள் அடங்காதே? அதற்கு ஒரு வழியை 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் கண்டுபிடித்தார்கள். நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேசையில் தட்டுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தில் அதை வரைந்தார்கள் என்று பைக்கே எழுதியிருக்கிறார். அதுதான் யூடிஎஃப்-8. ஆங்கில எழுத்து பழையபடி ஒரே பைட். தமிழுக்கு ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று பைட். த என்பது 224, 174, 164 என்ற மூன்று பைட்டுகளாக மாறும். க என்பது 224, 174, 149. தமிழில் எதை எழுதினாலும் முதல் பைட் 224தான், இரண்டாவது 174 அல்லது 175. லினக்ஸும் மேக்கும் ஆண்ட்ராய்டும் கோப்புப் பெயரை வழக்கமாக இந்த வடிவில்தான் வைக்கின்றன. விண்டோஸ் மட்டும் உள்ளுக்குள் யூடிஎஃப்-16 என்ற வேறு வடிவம். அதில் தமிழ் எழுத்துக்கு இரண்டு பைட்.

விண்டோஸ் ஏன் அந்த ஒன்பதை மறுக்கிறது

தமிழ் எழுத்துகளால் வரும் தொல்லையைவிடச் சாதாரண நிறுத்தற்குறிகளால் வரும் தொல்லைதான் அன்றாடத்தில் அதிகம். விண்டோஸில் < > : " / \ | ? * ஆகிய ஒன்பதும் பெயரில் வரக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் வேறு ஒரு வேலை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. முக்காற்புள்ளி ட்ரைவ் எழுத்துக்குப் பின்னால் வரும். நட்சத்திரமும் கேள்விக்குறியும் தேடலில் ‘எதுவானாலும்’ என்று பொருள்படும். இரட்டை மேற்கோள் இடைவெளி உள்ள பெயரைச் சுற்றிப் போடுவதற்கு. < > | மூன்றும் கட்டளையைத் தட்டி இயக்கும் கட்டளை வரியில் ஒரு நிரலின் உள்ளீட்டையோ வெளியீட்டையோ வேறு இடத்துக்குத் திருப்பிவிட.

சாய்கோடு இரண்டும் தடைப்பட்டதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் ஃபோல்டர்களைப் பிரிப்பது / குறி. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் முதல் பதிப்பு 1981-இல் வந்தது, அதில் ஃபோல்டரே கிடையாது. அங்கே / குறி கட்டளைகளுக்குக் கூடுதல் விருப்பம் சொல்லப் பயன்பட்டது. 1983-இல் டாஸ் 2.0 ஃபோல்டர் வசதியோடு வந்தபோது அந்தக் குறி ஏற்கெனவே வேலையில் இருந்ததால் \ குறியைப் பிடித்துப்போட்டார்கள். இன்றும் விண்டோஸ் பாதைகள் அந்தப் பக்கமாகச் சாய்ந்தே கிடக்கின்றன.

லினக்ஸ் தாராள மனசுக்காரர். / குறியும் பூஜ்ய எண் கொண்ட பைட்டும் தவிர எதையும் விட்டுவிடும். பெயருக்குள் வரி முறித்து எழுதினால்கூடச் சரி என்னும். இந்தத் தாராளம்தான் பிறகு கடிக்கிறது: லினக்ஸில் ‘கூட்டம் 10:30’ என்று வைத்த ஃபைலை பென்டிரைவில் போட்டால் ஏறாது, ஏனென்றால் பென்டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஃபேட் அமைப்பு விண்டோஸின் விதிப்படி நடக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோனின் மெமரி கார்டிலும் இதே கதைதான். பழைய மேக்கில் ஃபோல்டர்களைப் பிரித்தது முக்காற்புள்ளி. இன்றைய மேக்கில், ஃபைல்களைக் காட்டும் ஃபைண்டரில் ‘வரவு/செலவு’ என்று பெயர் வைக்க முடியும். உள்ளே அது முக்காற்புள்ளியாகப் பதிகிறது. அதை விண்டோஸுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேதி எழுதும்போது இதில் மாட்டாதவர்கள் குறைவு. 12/05/2024 என்று எழுத விண்டோஸ் விடாது. 2024-05-12 என்று ஆண்டை முன்னால் போட்டு எழுதிவிட்டால் தடையும் இல்லை, அகரவரிசையில் அடுக்கினாலே தேதி வரிசையும் வந்துவிடும். 12.05.2024 என்று புள்ளி வைப்பதும் செல்லும், ஆனால் அடுக்கும்போது எல்லா ஆண்டின் 12-ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடி நிற்கும்.

அப்புறம் சில முழுப் பெயர்களே தடை. விண்டோஸில் சி-ஓ-என் என்ற மூன்று எழுத்தில் ஃபைல் வைத்துப் பாருங்கள், முடியாது. பி-ஆர்-என், ஏ-யு-எக்ஸ், என்-யு-எல் ஆகியவையும் அப்படியே. டாஸ் காலத்தில் திரை, அச்சுப்பொறி போன்ற கருவிகளுக்கு வைத்த பெயர்கள் இவை. பழைய நிரல்கள் உடையக் கூடாதே என்று இன்றுவரை விட்டுவைத்திருக்கிறார்கள். பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருந்தாலும் விண்டோஸ் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடும்.

தடை இல்லாத குறிகளிலும் சில, இடம் மாறினால் குணம் மாறுகின்றன. இணைய முகவரியில் # வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது எதையும் உலாவி சர்வருக்கு அனுப்பாது. ‘பட்டியல் #2’ என்ற படத்தை இணையதளத்தில் போட்டுவிட்டுப் படம் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். %, & இரண்டும் அதே ரகம். வேர்டிலிருந்து தலைப்பை நகலெடுத்து ஒட்டினால் வளைந்த மேற்கோள்களும் நீளக் கோடும் கூடவே வரும். தவறில்லை, ஆனால் அடுத்த முறை கீபோர்டில் தட்டித் தேடும்போது அவை சாதாரண மேற்கோளோடு பொருந்தாது. இடைவெளியில்கூடப் பல ஜாதி உண்டு. சமீப ஆண்டுகளின் மேக்கில் திரையைப் படம் பிடித்தால், ஆங்கில அமைப்பில் நேரத்துக்கும் ஏஎம், பிஎம்முக்கும் நடுவில் வருவது சாதாரண இடைவெளி அல்ல. ‘முறியாத குறுகிய இடைவெளி’ என்ற தனி எழுத்து. அந்தப் பெயரை டெர்மினல் என்ற கட்டளை வரிச் சாளரத்தில் கையால் தட்டினால் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று பதில் வரும்.

சிதைந்த பெயரை வாசிப்பது எப்படி

பெயர் குப்பையாகத் தெரிகிறது என்றால் உடனே பெயரை மாற்றவோ அழிக்கவோ போகாதீர்கள். குப்பை எந்த மாதிரி என்று பார்த்தாலே எங்கே அடிபட்டது, மீட்க முடியுமா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் நிம்மதியாக இருங்கள். எண்கள் அப்படியே பத்திரமாக இருக்கின்றன, அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். கார் ஸ்டீரியோவில் பாட்டுப் பெயர்கள் இப்படித் தெரிவது சகஜம். வேறு கணினியில் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

தலையில் கீறல் போட்ட ஆங்கில ‘ஏ’, அதை ஒட்டி வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட பதிவுக்குறி ®, இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறதா? இப்போது 224-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் 224 அந்தக் கீறல் ஏ, 174 அந்தப் பதிவுக்குறி. அதாவது பைட்டுகள் சரியாகத்தான் வந்திருக்கின்றன, வாசித்தவர்தான் தப்பான பட்டியலை வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார். இதைத் திருப்பிவிடலாம், இதற்கென்றே இணையத்தில் மாற்றிகள் உண்டு. ஒரே ஒரு ஆபத்து, நம் புள்ளிக்கும் இன்னும் சில எழுத்துகளுக்கும். புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. விண்டோஸின் மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் 141-ஆம் இடத்துக்கு எழுத்தே வைக்கவில்லை. ு குறி, ஏ, ஐ ஆகியவற்றின் கடைசி பைட்டுகளுக்கும் அதே கதிதான். சில மென்பொருள்கள் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத குறியாக வைத்துக்கொள்ளும், சில தூக்கி எறிந்துவிடும். மீட்டெடுத்த பெயரில் மற்றதெல்லாம் சரியாக இருந்து புள்ளி வைத்த எழுத்துகளும், ு குறி, ஏ, ஐ வரும் இடங்களும் மட்டும் காயம்பட்டு வந்தால் காரணம் இதுதான்.

கிரேக்க ஆல்ஃபாவும் « » என்ற குறிகளும் மாறி மாறி வந்தால் குற்றவாளி ஜிப். ஜிப் வடிவம் ஐபிஎம் கணினியின் 437 என்ற பழைய பட்டியலோடு வளர்ந்தது. அந்தப் பட்டியலில் 224 ஆல்ஃபா, 174-உம் 175-உம் அந்தக் குறிகள். ‘இந்தப் பெயர் யூடிஎஃப்-8’ என்று ஜிப்புக்குள் அடையாளம் வைக்கும் ஏற்பாடு 2006-இல்தான் அதன் விதிநூலில் ஏறியது. அடையாளம் வைக்காத மென்பொருளில் கட்டி, பழைய பட்டியலை நம்பும் மென்பொருளில் பிரித்தால் ஆல்ஃபா மழைதான். விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா காலத்தில் நிலைமை இன்னும் மோசம். தமிழ்ப் பெயருள்ள ஃபைலை ஜிப்பில் போடவே முடியாது, பெயரை மாற்றிக்கொண்டு வா என்று சொல்லிவிடும். இன்றும் சந்தேகம் இருந்தால் 7-ஜிப்பின் சொந்த வடிவத்தில் கட்டி அனுப்பலாம், அது பெயர்களை யூனிகோடில்தான் வைக்கிறது.

கேள்விக்குறிகளாகவே வந்தால்தான் கெட்ட செய்தி. ???? என்பதற்குப் பின்னால் எந்த எண்ணும் ஒளிந்திருக்கவில்லை. யூனிகோட் தெரியாத பழைய விண்டோஸ் நிரல் ஒன்று பெயரைக் கேட்கும்போது, விண்டோஸ் அதைப் பழைய பட்டியல் ஒன்றுக்கு மாற்றிக் கொடுக்கும். ரஷ்ய மொழிக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253, அரபிக்கு 1256 என்று பட்டியல்கள் உண்டு. தமிழுக்கு அப்படி நிரல்கள் இயல்பாகப் பயன்படுத்தும் பட்டியல் ஏதும் இல்லை. விண்டோஸ் 2000-இல் தமிழ் நேரடியாக யூனிகோடாகத்தான் நுழைந்தது. மாற்ற இடமில்லாத எழுத்துக்கெல்லாம் விண்டோஸ் ஒரு கேள்விக்குறியைப் போட்டுக் கொடுக்கும். நிரல் அந்தப் பெயரை வைத்துக்கொண்டே ஃபைலைத் திறக்கப் போகும். கேள்விக்குறிதான் பெயரில் வரவே கூடாத குறி ஆயிற்றே? ஃபைல் இல்லை என்று வரும். சில பழைய பேக்கப் மென்பொருள்கள் ஆங்கிலப் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டுத் தமிழ்ப் பெயர்களை மட்டும் தாண்டிப் போவது இப்படித்தான். அதில் இன்னொரு வினோதம்: ரஷ்யரும் கிரேக்கரும் தங்கள் மொழி அமைப்பில் அதே நிரலை ஓட்டினால் அது ஒழுங்காக வேலை செய்யும், அதனால் எழுதியவர்களுக்குக் குறை இருப்பதே தெரியாது.

நிரல் எழுதுபவர்கள், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்தும்போது \340\256\244 மாதிரி எண்களைப் பார்த்திருப்பார்கள். அது சிதைவே அல்ல. எட்டை அடிப்படையாக வைத்து எழுதினால் 224 என்பது 340, 174 என்பது 256, 164 என்பது 244. நம் த-வேதான். கோர்.கோட்பாத் என்ற அமைப்பை அணைத்தால் தமிழிலேயே காட்டும். இணைய முகவரியில் வரும் % வரிசைகளும் இதே ரகம். அங்கே ஒவ்வொரு பைட்டும் % குறியும் இரண்டு எழுத்துமாக மாறுகிறது, அதனால் ‘தமிழ்’ என்ற சின்னச் சொல் 45 எழுத்தாக நீண்டுவிடும். தமிழ் விக்கிப்பீடியாவின் சுட்டியை நகலெடுத்து ஒட்டினால் வருகிற ரயில் அதுதான்.

பாமினிப் பெயர்கள்

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டெழுதிப் பழகியவர்களுக்கு வேறு ஒரு சிக்கல். கோப்புப் பெயருக்கு எழுத்துரு என்று ஒன்று கிடையாது, எண்கள் மட்டும்தான். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் நெடுங்காலம் புழங்கிய பாமினியில், தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் எண்களில் உட்கார்ந்திருக்கும். ஆவணத்துக்குள் பாமினியைத் தேர்ந்தால் தமிழாகத் தெரியும். அதே வரியை நகலெடுத்துப் பெயர்ப் பெட்டியில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக நிற்கும். பாமினியில் புள்ளி இருப்பது ; குறியில், ஈ இருப்பது < குறியில். ஆகவே ‘ஈழம்’ என்று பாமினியில் தட்டினால் விண்டோஸ் அந்தப் பெயரை ஏற்கவே ஏற்காது, முதல் எழுத்தே தடைப்பட்ட குறி. இந்தத் தலைமுறை ஃபைல்களைப் புரட்டும்போது பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கோயிலும் கோயிலும்

இப்போது முதலில் சொன்ன இரட்டை ஃபைல்களுக்கு வருவோம். கோ என்று எழுத யூனிகோடில் இரண்டு வழி உண்டு. க-வுக்குப் பின்னால் ோ என்ற ஒரே குறி (3019) ஒன்று. க, அதன் பின் ே (3015), அதன் பின் ா (3006) என்று பிரித்து எழுதுவது இன்னொன்று. இரண்டும் சமம் என்று யூனிகோட் விதியே சொல்கிறது. திரையில் வித்தியாசம் இல்லை. ொ, ௌ, ஔ மூன்றுக்கும் இதே இரட்டை வடிவம் உண்டு. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் கீறல் எழுத்துகளுக்கும், வியட்நாம் மொழிக்கும் இதே பாடுதான்.

தமிழ்க் கீபோர்டுகள் பெரும்பாலும் சேர்ந்த வடிவத்தையே தரும். பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? முக்கியமான வழி, மேக். 1998-இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பமைப்பு எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்தே எழுதிவைக்கும். 2017-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. எனவே மேக்குக்குள் யாருக்கும் தொல்லை தெரியாது. மேக்கில் கட்டிய ஜிப்பை விண்டோஸிலோ லினக்ஸிலோ பிரித்து, ஏற்கெனவே அங்கே இருக்கும் ஃபோல்டரோடு கலந்தால்தான் இரட்டையர்கள் பிறக்கிறார்கள். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளில் சில, கொம்பையும் காலையும் தனித்தனியே மாற்றிவைத்துவிடுவதும் உண்டு.

இதற்கு மருந்து இருக்கிறது. எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு ஒரே அடியாக மாற்றும் வேலைக்கு ‘இயல்பாக்கம்’ என்று பெயர். லினக்ஸில் கான்வ்எம்வி என்ற சிறு கருவி அதைச் செய்கிறது. ஆனால் இந்த மருந்துக்குக் கட்டுப்படாத போலிகள் தமிழில் நிறைய. ௌ என்ற குறிக்குப் பதிலாக ெ போட்டு ள எழுதிவிடுவது பரவலான பழக்கம். கௌரி, கெளரி இரண்டையும் உற்றுப் பாருங்கள். பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே இருக்கும், யூனிகோட் விதிப்படி இவை சமமே இல்லை. ஸ்ரீ என்பதை ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம், தோற்றம் பெரும்பாலும் ஒன்றே. க-வும் தமிழ் இலக்கம் ௧-உம் இன்னொரு ஜோடி. கண்ணுக்கே தெரியாத இணைப்பான்களும் சில கீபோர்டுகளிலிருந்து உள்ளே நுழையும். பெயரைக் கையால் தட்டித் தேடிக் கிடைக்கவில்லை என்றால், ஔகாரம் வரும் இடத்தையும் ஸ்ரீ வரும் இடத்தையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அல்லது அந்த எழுத்தை விட்டுவிட்டு மீதிப் பெயரைத் தேட வேண்டும்.

தோற்ற ஏமாற்றைத் திருடர்களும் பயன்படுத்துகிறார்கள். அரபி, ஹீப்ரு போன்ற மொழிகளுக்காக ‘இனி வலமிருந்து இடம்’ என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று (8238) யூனிகோடில் உண்டு. அதைப் பெயரின் நடுவில் செருகினால், இயங்கு நிரலாக உள்ள ஒரு ஃபைல் படக் கோப்பு போல முடிவதாகக் காட்டலாம். ஆகவே மின்னஞ்சலில் வந்த இணைப்பின் வகையைப் பெயரின் வாலைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். ஃபோல்டரில் ‘வகை’ என்ற பத்தியைப் பாருங்கள்.

நீளம்

லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட் வரை போகலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பிலும் 255தான், ஆனால் அங்கே எண்ணுவது யூடிஎஃப்-16 அலகுகளை. ‘திருவள்ளுவர்’ என்பதில் 12 எண்கள் இருக்கின்றன, யூடிஎஃப்-8இல் 36 பைட். விண்டோஸில் அந்தப் பெயரை இடைவெளி இல்லாமல் 21 முறை எழுதலாம். லினக்ஸில் 7 முறையோடு சரி. விண்டோஸில் சேமித்த நீளமான தமிழ்த் தலைப்பை லினக்ஸ் சர்வருக்கு ஏற்றும்போதும், தமிழ்த் தலைப்புள்ள காணொளியை லினக்ஸில் தரவிறக்கும்போதும் ‘பெயர் நீளம் அதிகம்’ என்று வருவது இதனால்தான். பெயரையும் சேர்த்துப் பூட்டிவைக்கும் சில சேமிப்பு முறைகளில் எல்லை 143 பைட். திருவள்ளுவருக்கு மூன்றே முறை. விண்டோஸில் வேறொரு எல்லை, ட்ரைவ் எழுத்தில் தொடங்கி ஃபோல்டர்கள் எல்லாம் சேர்ந்த முழுப் பாதைக்கு 260. விண்டோஸ் 10-இல் 2016 முதல் அதைத் தளர்த்த வழி உண்டு என்றாலும் எல்லா நிரலும் அதைக் கேட்பதில்லை.

சரி, எப்படித்தான் பெயர் வைப்பது?

எதற்கு வம்பு, ஆங்கிலத்திலேயே வையுங்கள் என்று ஆலோசனை சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் முழு ஒப்புதல் இல்லை. உங்கள் கணினியில், உங்கள் ஃபோனில், கூகுள் ட்ரைவ் போன்ற இடத்தில் இருக்கப் போகிற ஃபைல்களுக்குத் தாராளமாகத் தமிழில் பெயர் வையுங்கள். பாட்டி கையெழுத்துப் படியை ஒலிபெயர்த்து வைத்து, அது ‘படி’யா ‘பாடி’யா என்று பிறகு குழம்புவதைவிட இது மேல். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது என்பதால் ஆங்கிலப் பெயர்களில் லினக்ஸும் விண்டோஸும் சண்டை போடும் அந்த விஷயமும் நமக்கு இல்லை. எழுதும்போது அந்த ஒன்பது குறிகளோடு #, % இரண்டையும் தவிர்த்தால் போதும். முன்னாலும் பின்னாலும் இடைவெளி விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் மட்டும் கவனம். விண்டோஸ், மேக் ஃபோல்டர்கள் மொழிக்கேற்ப அடுக்க முயலும். பல நிரல்கள் வெறும் எண் வரிசையில் அடுக்கும். அந்த வரிசை நம் நெடுங்கணக்கு அல்ல. யூனிகோட் எண்ணில் ந-வுக்கு அடுத்து ன வந்துவிடும், ர-வுக்கு அடுத்து ற, ழ-வுக்கு முன்னால் ள. புள்ளியின் எண் பெரியது என்பதால் க் என்பது கௌ-வுக்கும் பின்னால் போய் நிற்கும். வரிசை முக்கியம் என்றால் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். வெறும் 1, 2 போட்டால் பல இடங்களில் 10 வந்து 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

வெளியே போகிற ஃபைலுக்கு என் வழி வேறு. இணைய விண்ணப்பத்தில் ஏற்றுவது, இணையதளத்துக்கான படம், அச்சகத்துக்கு அனுப்புவது, யார் எந்தக் காலத்து மென்பொருளில் திறப்பார்கள் என்று தெரியாதது, இவற்றுக்கெல்லாம் சிறிய ஆங்கில எழுத்து, இலக்கம், இடைக்கோடு, அடிக்கோடு, இவ்வளவுதான். பல விண்ணப்பப் பக்கங்கள் இதற்கு மேல் எதையும் வாங்குவதில்லை, ஏன் வாங்கவில்லை என்றும் சொல்வதில்லை. தமிழ்த் தலைப்பு ஆவணத்தின் உள்ளே, அதன் ‘தலைப்பு’ப் பண்பில் இருக்கட்டும். ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் நூலகம் திட்டம் இதையே பெரிய அளவில் செய்கிறது. அங்கே ஒவ்வொரு நூலுக்கும் ஒரு நூலக எண். ஃபைலின் பெயர் அந்த எண்தான். தமிழ்த் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் பட்டியல் பக்கத்தில். தலைப்பில் பிழை திருத்தினாலும் ஃபைலைத் தொட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் ஸ்கேன் செய்து வைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஏற்கெனவே குழம்பிக் கிடக்கும் ஃபோல்டரைத் திருத்த, விண்டோஸில் பவர்டாய்ஸ் தொகுப்பிலுள்ள பவர்ரீநேம் கைகொடுக்கும். மேக்கில் ஃபைல்களை மொத்தமாகத் தேர்ந்து ஃபைண்டரிலேயே பெயர் மாற்றலாம். எதைத் தொடுவதற்கு முன்னும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள், பெயர்மாற்றத்தில் இரண்டு ஃபைல்களுக்கு ஒரே பெயர் வந்து மோதிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

கடைசியாக, அழிக்கவே முடியாமல் அடம்பிடிக்கும் ஃபைல்கள். லினக்ஸில் பெயர் இடைக்கோட்டில் தொடங்கினால் கட்டளை அதை ஒரு விருப்பம் என்று நினைத்துக்கொள்ளும், பெயருக்கு முன்னால் ./ சேர்த்துக் கொடுத்தால் ஃபைல் என்று புரிந்துகொள்ளும். தட்டவே முடியாத எழுத்துகள் உள்ள பெயர் என்றால் முதல் எழுத்தைக் கொடுத்து டேப் விசையை அழுத்துங்கள், மீதியை, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லே நிரப்பிவிடும். அதுவும் நடக்காவிட்டால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோட் எண் என்று ஒன்று இருக்கிறது, பெயரே சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லி ஃபைண்ட் கட்டளையால் அழிக்கலாம். விண்டோஸில் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ உள்ள பெயர், அல்லது எப்படியோ உள்ளே வந்துவிட்ட சி-ஓ-என் போன்ற பெயர் மாட்டிக்கொண்டால், கட்டளை வரியில் முழுப் பாதையையும் எழுதி அதன் முன்னால் \\?\ என்று சேர்க்க வேண்டும். பெயரைச் சரிபார்க்கும் வேலையை விண்டோஸ் விட்டுவிடும், ஃபைல் அழிந்துவிடும்.